டிரங்குப் பெட்டியில் ஐந்து வருஷம் கிடந்த கடிதம்: டிஸெபிலிட்டி பென்ஷன் அப்பீலில் கற்றது

ராணுவத்திலிருந்து 2016 ஜனவரி 31இல் வெளியே வந்தேன். அதே வருஷம் ஜூலையில் எங்கள் சர்வீஸ் ஆவணங்களை வைத்திருக்கும் ரெக்கார்ட்ஸ் ஆபீஸிலிருந்து ஒரு பக்கக் கடிதம் வந்தது. என் ரத்த அழுத்த நோய் பணியால் வந்ததும் அல்ல, பணியால் மோசமானதும் அல்ல, ஆகவே டிஸெபிலிட்டி பென்ஷன் (பணியால் வந்த ஊனத்துக்கான ஓய்வூதியம்) கிடையாது என்பது அதன் சாரம். கடைசிப் பத்தியில், இந்த முடிவில் திருப்தி இல்லையென்றால் ஆறு மாதத்துக்குள் அப்பீல் செய்யலாம் என்று ஒரு வரி. அதைப் படிக்காமல் விட்டேன் என்று சொன்னால் பொய். படித்தேன். "மெடிக்கல் போர்டே சொல்லிவிட்டது, இனி யாரிடம் போய்க் கேட்பது" என்று டிஸ்சார்ஜ் புக் இருந்த டிரங்குப் பெட்டியில் போட்டு மூடினேன். பெட்டியை மறுபடி திறந்தது 2021 ஆகஸ்டில். அந்தச் சோம்பலின் விலையை முதலில் சொல்லிவிடுகிறேன்.

இந்தப் பென்ஷனில் ஊனத்துக்கென்று தரும் பகுதியான டிஸெபிலிட்டி எலிமென்ட் என்பது நூறு சதவீத ஊனத்துக்குக் கடைசிச் சம்பளத்தில் 30 சதவீதம். ஊனம் குறைந்தால் அந்த விகிதத்தில் குறையும். கடைசிச் சம்பளம் 40,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் நூறு சதவீதத்துக்கு 12,000, ஐம்பது சதவீதத்துக்கு 6,000, முப்பது சதவீதத்துக்கு 3,600. இது சர்வீஸ் பென்ஷனுக்கு மேலே, மாதாமாதம், ஆயுள் முழுக்க; இதன் மேல் அகவிலை நிவாரணமும் உண்டு. எனக்குப் போர்டு போட்டது 30 சதவீதம். சதவீதத்தை மேல்நோக்கி உயர்த்தும் ரவுண்டிங் ஆஃப் விதியில் அது 50 ஆகும், அதாவது மாதம் 6,000. நான் படையினர் வழக்குகளைக் கேட்கும் ஆயுதப்படைத் தீர்ப்பாயத்தில் மனு போட்டது 2023 ஜூலையில். தாமதமாக வருகிறவருக்கு, மனு போட்ட நாளுக்கு முந்தைய மூன்று வருஷ நிலுவை மட்டும்தான் கிடைக்கும். தர்சேம் சிங் வழக்கில் 2008இல் உச்ச நீதிமன்றம் சொன்னது இது. பென்ஷன் மாதாமாதம் தொடரும் உரிமை என்பதால் தாமதத்துக்காக வழக்கையே தூக்கிப் போட மாட்டார்கள், ஆனால் பழைய பாக்கியை மூன்று வருஷத்தோடு வெட்டிவிடுவார்கள். ஆக 2016 பிப்ரவரியிலிருந்து 2020 ஜூன் வரை 53 மாதம், மாதம் 6,000 வீதம் 3,18,000 ரூபாய். அகவிலை நிவாரணத்தைச் சேர்க்காமலே இவ்வளவு. அந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்த இரவு தூக்கம் வரவில்லை. பிரஷர் கேஸ்காரன் செய்யக்கூடாத கணக்கு.

ஆகவே உங்கள் கையில் அப்படி ஒரு கடிதம் இருந்தால் மீதியைப் பிறகு படித்துக்கொள்ளலாம். முதலில் கடிதத்தின் தேதியையும் அது கைக்கு வந்த தேதியையும் ஒரு தாளில் எழுதி வையுங்கள், உறையையும் தூக்கிப் போடாதீர்கள். ஆறு மாதக் கணக்கு அது கைக்கு வந்த நாளிலிருந்து ஓடும். ஆறு மாதம் தாண்டிவிட்டது என்றாலும் கதை முடிந்துவிடவில்லை. ஆனால் ஒவ்வொரு மாதமும் உங்கள் பாக்கெட்டிலிருந்துதான் போகிறது.

அப்பீல் எப்படி முடிவாகிறது என்று புரிய, அது எதன் மேல் முடிவாகிறது என்று தெரிய வேண்டும். எல்லாமே வெளியே வரும்போது நடக்கும் மெடிக்கல் போர்டின் காகிதம்தான். சர்வீஸ் முடிந்து வருகிறவர்களுக்கு ரிலீஸ் மெடிக்கல் போர்டு, உடல்நிலை காரணமாகவே அனுப்பப்படுகிறவர்களுக்கு இன்வேலிடிங் மெடிக்கல் போர்டு. இரண்டுக்கும் ஏ.எஃப்.எம்.எஸ்.எஃப். 16 என்ற படிவம். அதன் முதல் பகுதி நாமே சொல்வது: எங்கெங்கே இருந்தோம், எது ஃபீல்டு (களப்பகுதி), எது பீஸ் (அமைதிப்பகுதி), சேரும் முன்பே இந்த நோய் இருந்ததா, எப்போது எங்கே தொடங்கியது. பிறகு யூனிட் கமாண்டிங் ஆபீசரின் கருத்து. அதற்கப்புறம் போர்டு டாக்டர்கள் ஒவ்வொரு நோய்க்கும் மூன்று கேள்விக்கு விடை எழுதுவார்கள். பணியால் வந்ததா, பணியால் மோசமானதா, பணியோடு சம்பந்தமே இல்லையா. பக்கத்தில் காரணம். கடைசியில் சதவீதம்.

இங்கேதான் பலர் ஏமாறுகிறோம். சதவீதக் கட்டத்தில் 30 என்று பார்த்ததும் பென்ஷன் வந்துவிடும் என்று நினைத்தேன். அதே வரிசையில் இன்னொரு கட்டம் இருக்கிறது, டிஸெபிலிட்டி பென்ஷனுக்குத் தகுதி பெறும் நிகர மதிப்பீடு. அதில் "நில்" என்று எழுதியிருந்தது. ஊனம் முப்பது, பென்ஷனுக்கு பூஜ்யம். பணியோடு சம்பந்தமில்லை என்று எழுதிவிட்டால் சதவீதம் தொண்ணூறாக இருந்தாலும் நிகரம் நில்தான். நம்மவர்கள் இதை நானா என்பார்கள். பணியால் வந்ததுமில்லை, மோசமானதுமில்லை என்பதன் ஆங்கில முதலெழுத்துகள்.

இன்னும் வெளியே வராமல் போர்டுக்குக் காத்திருப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். முதல் பகுதியை அவசரத்தில் நிரப்பாதீர்கள், கிளார்க் நிரப்பித் தந்ததில் கையெழுத்து மட்டும் போடாதீர்கள். போஸ்டிங் வரிசையை தேதியோடு எழுதி எடுத்துப் போங்கள். ஹை ஆல்டிட்யூட், ஊடுருவல் தடுப்பு, ஃபீல்டு எல்லாம் தனித்தனியாக வர வேண்டும். சேரும் முன்பே இருந்ததா என்ற கேள்விக்கு டாக்டரிடம் பேச்சுவாக்கில், "சின்ன வயதில் ஒருதரம் வந்த மாதிரி ஞாபகம்" என்று சொல்லி மாட்டிக்கொண்டவர்கள் உண்டு. அந்த ஒரு வாக்கியம் கேஸ் ஷீட்டில் ஏறிவிட்டால் அப்புறம் எந்த அப்பீலும் அதைத் தாண்டித்தான் போக வேண்டும். குடும்பத்தில் யாருக்காவது இருந்ததா என்ற கேள்வியும் அதே ரகம். பொய் சொல்லச் சொல்லவில்லை. நிச்சயமாகத் தெரியாததைத் தெரிந்த மாதிரி சொல்லாதீர்கள்.

காயம் என்றால் கதை வேறு. அதற்கு இஞ்சுரி ரிப்போர்ட் உண்டு, தேவைப்பட்டால் கோர்ட் ஆஃப் என்கொயரி உண்டு, டியூட்டியில் நடந்ததா என்ற சான்று அதிலேயே இருக்க வேண்டும். லீவில் வந்தபோது ஸ்கூட்டரில் விழுந்தது போன்ற கேஸ்களில், லீவும் டியூட்டிதான் என்று மட்டும் வாதாடிப் பயனில்லை. காயத்துக்கும் ராணுவப் பணிக்கும் ஏதோ ஒரு தொடர்பு காட்ட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் பலமுறை சொல்லிவிட்டது. மெஸ்ஸில் தடுக்கி விழுந்ததைவிட வீட்டு மாடியில் வழுக்கி விழுந்தது கடினமான கேஸ்.

2021 செப்டம்பரில் நான் செய்த முதல் உருப்படியான காரியம் தகவல் உரிமைச் சட்டத்தில் மனு போட்டது. பத்து ரூபாய் கட்டணம், போஸ்டல் ஆர்டராகவோ ஆன்லைனிலோ. முப்பது நாளில் பதில் தர வேண்டும், தராவிட்டால் முதல் மேல்முறையீடு. எனக்கு ஜனவரி ஆயிற்று, அதில் பாதித் தப்பு என்னுடையது. "என் மெடிக்கல் ரெக்கார்டு எல்லாம் வேண்டும்" என்று எழுதிவிட்டேன். அப்படி எழுதினால் என்ன வேண்டும் என்று திருப்பிக் கேட்பார்கள். கேட்க வேண்டியது இவை: சேர்க்கையின்போது நடந்த மருத்துவப் பரிசோதனைப் படிவம், ரிலீஸ் போர்டின் எல்லாப் பக்கங்களும் ஸ்பெஷலிஸ்ட் கருத்தோடு சேர்த்து, இடையில் உடல்தகுதித் தரம் பார்க்க நடந்த எல்லா கேட்டகரி போர்டுகளும், தேதி வாரியான போஸ்டிங் விவரம் ஃபீல்டு பீஸ் குறிப்போடு, கிளெய்மை நிராகரித்த முடிவும் அதன் குறிப்பும். ஆர்மி நம்பர், ரேங்க், பெயர், யூனிட் எல்லாம் டிஸ்சார்ஜ் புக்கில் உள்ளபடி எழுத்துப் பிசகாமல் எழுதுங்கள், அடையாள அட்டை நகலும் வையுங்கள். ஆஸ்பத்திரி கேஸ் ஷீட்டை எந்த ஆஸ்பத்திரியில் எந்தத் தேதியில் இருந்தீர்களோ அங்கே தனியாகக் கேட்க வேண்டும். பழைய காகிதங்களைக் குறிப்பிட்ட காலத்துக்குப் பிறகு அழித்துவிடுவார்கள், அதனால் தள்ளிப்போடாதீர்கள்.

வந்த காகிதத்தில் என் கேஸே இருந்தது. 1993இல் சேரும்போது பரிசோதனையில் பிரஷர் பற்றி ஒரு குறிப்பும் இல்லை. நோய் பதிவானது 2011இல், பதினெட்டாவது வருஷத்தில், ஒரு பீஸ் ஸ்டேஷனில். அந்த ஸ்டேஷனுக்கு வரும் முன் மூன்று வருஷம் காஷ்மீரில். போர்டு எழுதிய காரணம் ஒரே வரி: பீஸ் ஏரியாவில் தொடங்கியது, உடல்வாகு சார்ந்தது. காஷ்மீரைப் பற்றி ஒரு சொல் கிடையாது.

இனி அந்த ஒரு வரியை எப்படி உடைப்பது என்பது. என் காலத்துப் போர்டு டாக்டர்கள் பார்த்தது கைடு டு மெடிக்கல் ஆபீசர்ஸ் என்ற 2002ஆம் வருஷ வழிகாட்டியை, 2008இல் திருத்தியது; 2023 செப்டம்பருக்குப் பிறகு வெளியே வருகிறவர்களுக்கு அதன் புதிய பதிப்பு. அதில் ஒவ்வொரு நோய்க்கும் பத்தி உண்டு. ரத்த அழுத்தத்துக்கு ஃபீல்டு, ஹை ஆல்டிட்யூட், ஊடுருவல் தடுப்புப் பணி போன்றவற்றின் அழுத்தத்தைப் பார்க்கச் சொல்கிறது. மாரடைப்பு வகை என்றால், நோய் வருமுன் 14 நாளில் என்ன டியூட்டி செய்தார் என்ற சார்ட்டர் ஆஃப் டியூட்டிஸ் வேண்டும். யூனிட்டிலிருந்து அது வராமல் போர்டு நடந்திருந்தால் அதுவே ஒரு ஓட்டை. சர்க்கரை, பிரஷர், இதயம் இந்த மூன்றில்தான் நானா அதிகம் விழுகிறது. உங்கள் நோய்க்கான பத்தியைப் படித்து, போர்டு அந்தப் பத்தி கேட்பதைப் பார்த்ததா என்று ஒப்பிடுங்கள். அப்பீலின் பாதி வேலை அதுவே.

அடுத்து, எந்த விதி உங்களுக்கு என்பது. வெளியே வந்த தேதியைப் பொறுத்து 1982 விதிகள், 2008 விதிகள், 2023 செப்டம்பர் 21 முதல் வந்த புதிய விதிகள் என்று மூன்று உண்டு. சிக்னல்ஸில் ஒன்பது வருஷம் இருந்து வலிப்பு நோயால் 1994இல் அனுப்பப்பட்ட தரம்வீர் சிங் என்பவரின் வழக்கில் 2013இல் உச்ச நீதிமன்றம் சொன்னதுதான் இன்றைக்கும் நம் முதுகெலும்பு. சேரும்போது நோய்க் குறிப்பு இல்லையென்றால் நல்ல உடம்போடு சேர்ந்தார் என்று கொள்ள வேண்டும், இல்லை என்று நிரூபிக்கும் பொறுப்பு அரசுடையது, சேர்க்கையில் ஏன் கண்டுபிடிக்க முடியவில்லை என்பதற்கு போர்டு காரணம் எழுத வேண்டும். ஆனால் அந்தத் தீர்ப்பு 1982 விதிகளின் மேல் நின்றது. 2008 விதிகளில் அந்த அனுமான வாசகம் இல்லை என்று அரசுத் தரப்பு வாதாடும். ஆகவே 2008க்குப் பிறகு வந்தவர்கள் தரம்வீர் சிங்கை மட்டும் பிடித்துத் தொங்காமல், போஸ்டிங்குக்கும் நோய்க்கும் உள்ள தொடர்பையும் காரணமில்லாத போர்டையும் சேர்த்தே எழுத வேண்டும். 2023 விதியில் வருகிறவர்கள் பழைய தீர்ப்புகளை அப்படியே நகலெடுத்து ஒட்டினால் போதாது. சர்வீஸ் முடித்து வருகிறவருக்கு டிஸெபிலிட்டி எலிமென்ட் என்பது இம்பேர்மென்ட் ரிலீஃப் என்று பெயரே மாறியிருக்கிறது.

முதல் அப்பீல் போவது முதல் மேல்முறையீட்டுக் குழுவுக்கு. ஆனால் நேராக டெல்லிக்கு அனுப்பாதீர்கள். ரெக்கார்ட்ஸ் ஆபீஸ் வழியாகத்தான் போகும், ஏனென்றால் சர்வீஸ் ஆவணங்களும் மெடிக்கல் ஆவணங்களும் அவர்கள்தான் சேர்த்து அனுப்ப வேண்டும். அங்கே உங்களை யாரும் கூப்பிட்டு விசாரிக்க மாட்டார்கள். காகிதத்தை மெடிக்கல் பிரிவு பார்த்துக் கருத்து எழுதும், குழு முடிவெடுக்கும். காகிதத்தில் இல்லாதது எதுவும் அங்கே இல்லை. இதைப் புரியாமல் என் முதல் அப்பீலில் ஒரு பக்கம் முழுக்க மகள் படிப்பையும் வீட்டுக் கடனையும் எழுதினேன். கண்ணீரோடுதான் எழுதினேன். ஒரு வரிக்கும் மதிப்பில்லை. கேள்வி பணிக்கும் நோய்க்கும் தொடர்பு உண்டா என்பது மட்டுமே, வறுமை அதில் வராது. இரண்டு பக்கம் போதும்: சேர்க்கையில் குறிப்பு இல்லை, இன்ன தேதியில் நோய் பதிவு, அதற்கு முந்தைய போஸ்டிங்குகள், போர்டு எழுதிய காரணம், வழிகாட்டியின் இன்ன பத்தியை அது பார்க்கவில்லை, என்ன வேண்டும். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் எதிரே இணைப்பு எண். தாமதம் இருந்தால் ஏன் தாமதம் என்று தனிப் பத்தி. எழுதாமல் விட்டால் அதையே பிடித்துக்கொள்வார்கள். எனக்கு அக்டோபரில் வந்த நிராகரிப்பில் முதல் வரியே தாமதம்தான், மற்றது போர்டின் அதே வாசகம்.

ஸ்பீட் போஸ்டில் அனுப்புங்கள், ரசீதை ஃபோட்டோ எடுத்து வையுங்கள், டெலிவரி ஆனதும் டிராக்கிங் பக்கத்தை உடனே அச்செடுத்துவிடுங்கள். சில மாதத்தில் அந்த விவரம் இணையத்தில் கிடைக்காது. இது சின்ன விஷயமாகத் தோன்றும், ஆனால் பதில் வராமல் ஆறு மாதம் ஆகிவிட்டது என்று தீர்ப்பாயத்தில் நிரூபிக்க அந்தத் துண்டுச் சீட்டுதான் உண்டு.

முதல் அப்பீல் நிராகரிக்கப்பட்டால் இரண்டாவது, பென்ஷனுக்கான இரண்டாம் மேல்முறையீட்டுக் குழுவுக்கு, மறுபடி ஆறு மாதத்துக்குள். என் அனுபவத்தில் முதலாவதில் சொன்னதையே மறுபடி சொன்னால் பதிலும் அதேதான். புதிதாக ஏதாவது இருந்தால், ஒரு ஸ்பெஷலிஸ்டின் கருத்து, முதலில் கிடைக்காமல் இப்போது கிடைத்த கேஸ் ஷீட், அப்படி எதையாவது சேர்க்க வேண்டும். ஒன்றும் இல்லையென்றாலும் போட்டுவிடுங்கள், ஏனென்றால் ஆயுதப்படைத் தீர்ப்பாயச் சட்டத்தின் 21ஆம் பிரிவு, உள்வழிகளை முடித்துவிட்டு வா என்கிறது. அதே பிரிவு இன்னொன்றும் சொல்கிறது: அப்பீல் போட்டு ஆறு மாதம் ஆகியும் முடிவு வரவில்லை என்றால் முடித்ததாகவே கணக்கு. இது தெரியாமல் பதிலுக்காக மூன்று நான்கு வருஷம் காத்திருந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். நான் 2022 நவம்பரில் போட்டேன், 2023 மே வரை பதில் இல்லை, ஜூலையில் தீர்ப்பாயம் போனேன். 22ஆம் பிரிவில் இறுதி உத்தரவிலிருந்து ஆறு மாதம், உத்தரவே வராவிட்டால் அந்த ஆறு மாதக் காத்திருப்பு முடிந்ததிலிருந்து இன்னொரு ஆறு மாதம் என்று கெடு இருக்கிறது. தாண்டினால் தாமத மன்னிப்பு மனு கூடவே போட வேண்டும். பென்ஷன் விஷயத்தில் பெரும்பாலும் ஏற்பார்கள்.

ஆயுதப்படைத் தீர்ப்பாயம் 2007ஆம் வருஷச் சட்டத்தில் வந்து 2009 ஆகஸ்டில் வேலை தொடங்கியது. முதன்மை அமர்வு டெல்லியில். சென்னை, கொச்சி, லக்னோ, சண்டிகர், கொல்கத்தா என்று பிராந்திய அமர்வுகள் பல. ஓய்வு பெற்றவர் தாம் வசிக்கும் ஊருக்கான அமர்விலேயே போடலாம். கடைசி யூனிட் எங்கே, ரெக்கார்ட்ஸ் எங்கே என்று அலைய வேண்டாம். இது தரைப்படை, கடற்படை, விமானப்படைக்கு மட்டும். சி.ஆர்.பி.எஃப்., பி.எஸ்.எஃப். ஆட்களுக்கு உயர் நீதிமன்றம்தான்.

மனு தயாரிப்பதில் நேரம் தின்றது தட்டச்சுதான். டாக்டர்கள் கையால் எழுதிய பக்கங்கள் நகலில் மங்கிப் போயிருக்கும், பதிவகம் அதைத் திருப்பிவிடும். மங்கிய ஒவ்வொரு பக்கத்துக்கும் தட்டச்சுப் பிரதி இணைக்க வேண்டும். எனக்கு மூன்று வாரம் அதில் போனது. எதிர்த்தரப்பில் பாதுகாப்பு அமைச்சகச் செயலர் வழியாக இந்திய அரசு, தரைப்படைத் தளபதி, ரெக்கார்ட்ஸ் அதிகாரி, பிரயாக்ராஜில் உள்ள பென்ஷன் கணக்குத் தலைமை அலுவலகம் இவர்களைச் சேர்ப்பது வழக்கம். ரவுண்டிங் ஆஃப் வேண்டும் என்று கோரிக்கைப் பத்தியில் தனியாக எழுதுங்கள். நிலுவை, வட்டி இவையும் அங்கேயே. கேட்காததைக் கொடுப்பார்கள் என்று நம்பி இருக்கக் கூடாது.

அப்புறம் காத்திருப்பு. பதில் மனுவுக்கு அரசு வக்கீல் அவகாசம் கேட்பார், இன்னொருமுறை கேட்பார். பதில் வந்ததும் நம் மறுமொழி. ஒவ்வொரு வாய்தாவுக்கும் லீவு போட்டுப் போய் உட்கார்ந்தேன், தேவையே இல்லை. வக்கீல் போனால் போதும், வாத நாளன்று போனால் சரி. வாதம் பத்து நிமிஷம்கூட இல்லை. அமர்வில் இரண்டு பேர்: உயர் நீதிமன்ற நீதிபதியாக இருந்தவர் ஒருவர், படையில் மூத்த அதிகாரியாக இருந்தவர் ஒருவர். படையிலிருந்து வந்தவர்தான் கூர்மையாகக் கேட்டார். சேர்க்கைப் படிவத்தில் குறிப்பு உண்டா, நோய் எப்போது எங்கே, அதற்கு முந்தைய போஸ்டிங் என்ன, போர்டு காரணம் எழுதியிருக்கிறதா, சதவீதம் என்ன, எப்படி வெளியே வந்தார். இந்த ஆறு கேள்விக்கும் பக்க எண்ணோடு ஒரே தாளில் விடை எழுதி வக்கீல் கையில் கொடுத்திருந்தேன். நான் செய்தவற்றிலேயே சிறந்த வேலை அந்தத் தாள்தான் என்று இப்போதும் நினைக்கிறேன்.

எல்லாரும் ஜெயிப்பதில்லை, அதையும் சொல்ல வேண்டும். சேர்ந்த சில மாதத்திலேயே மனநோய் வெளிப்பட்ட கேஸ்கள் கடினம். நரசிங் யாதவ் வழக்கில் 2019இல் உச்ச நீதிமன்றம், அத்தகைய நோயைச் சேர்க்கைப் பரிசோதனையில் கண்டுபிடிக்க முடியாது என்று சொல்லி மறுத்தது. குடிப்பழக்கம், உடல் எடை என்று போர்டு எழுதியிருந்தால் மலை ஏற வேண்டும். சர்வீஸ் முடித்து வந்தவருக்கு 20 சதவீதத்துக்குக் கீழே போட்டிருந்தால் பென்ஷனும் இல்லை, ரவுண்டிங்கும் இல்லை. 2019 டிசம்பரில் எஸ்.பி. ரத்தோர் வழக்கில் அது தெளிவாகிவிட்டது. 15 சதவீதம் போட்டவர்கள் வழக்குக்குச் செலவழிக்கும் முன் இதை யோசியுங்கள். அவர்கள் முதலில் கேட்க வேண்டியது மறு மெடிக்கல் போர்டு. ஆனால் நோயால் பாதியில் அனுப்பப்பட்டவர் என்றால் 20க்குக் குறைவு என்ற பேச்சே எடுபடாது. அந்த அளவு கம்மியான ஊனத்துக்கு எதற்கு வீட்டுக்கு அனுப்பினாய் என்பதுதான் 2014இல் சுக்விந்தர் சிங் வழக்கின் அடிப்படை. ரவுண்டிங் ஆஃப் கணக்கு இது: 50க்குக் கீழே இருந்தால் 50, 50 முதல் 75 வரை 75, அதற்கு மேல் 100. ஒரு காலத்தில் நோயால் அனுப்பப்பட்டவர்களுக்கு மட்டும் இருந்ததை, சர்வீஸ் முடித்து வந்தவர்களுக்கும் உண்டு என்று 2014 டிசம்பரில் ராம் அவதார் வழக்கு உறுதி செய்தது.

வக்கீல் கட்டணமாக எனக்கு 30,000 ஆனது, தட்டச்சு, நகல், பயணம் எல்லாம் சேர்ந்து இன்னொரு 9,000. முதலில் போய்ப் பார்த்த ஒருவர் கட்டணமே வேண்டாம், வரும் நிலுவையில் முப்பது சதவீதம் கொடுத்தால் போதும் என்றார். கேட்க இனிப்பாக இருக்கும். பார் கவுன்சில் விதிப்படி வக்கீல் அப்படி வெற்றியில் பங்கு பேசக் கூடாது. வெற்றுக் காசோலையும் வெற்றுத் தாளில் கையெழுத்தும் கேட்கிறவர்களிடம் எழுந்து வந்துவிடுங்கள். வக்கீல் இல்லாமல் நாமே வாதாடவும் சட்டம் இடம் தருகிறது. மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் அப்பீல் எழுத உதவி கேட்கலாம். 2025 ஜூலையில் தேசிய சட்டப்பணிகள் ஆணையம் படைவீரர் குடும்பங்களுக்கென்றே ஒரு இலவசச் சட்ட உதவித் திட்டம் தொடங்கியிருக்கிறது. எனக்கு அப்போது இருந்திருந்தால் நிச்சயம் போயிருப்பேன்.

2024 செப்டம்பரில் உத்தரவு வந்தது. நோய் பணியால் மோசமானது, 30 சதவீதம் 50 ஆக, மனுவுக்கு முந்தைய மூன்று வருஷத்திலிருந்து, நான்கு மாதத்துக்குள் தர வேண்டும். அன்றைக்கு வீட்டில் பாயசம். பணம் வந்தது 2025 ஜூனில். உத்தரவு வந்ததும் வேலை முடிந்தது என்று நினைக்காதீர்கள். சான்றளித்த பிரதி வாங்கி, வங்கி விவரம், பிபிஓ (பென்ஷன் வழங்கும் உத்தரவு) நகல் இவற்றோடு ரெக்கார்ட்ஸுக்கு நாமே அனுப்ப வேண்டும். அவர்கள் அரசின் அனுமதி கேட்பார்கள், அதற்கிடையில் அரசு மேலே போவதா என்று யோசிக்கும். உச்ச நீதிமன்றத்துக்குப் போக, பொது முக்கியத்துவம் உள்ள சட்டக் கேள்வி என்று காட்டி அனுமதி வாங்க வேண்டும். 2023 மார்ச்சில் வந்த ஒரு தீர்ப்புக்குப் பிறகு உயர் நீதிமன்றத்தில் ரிட் மனுவும் போடுகிறார்கள். அதே கதவு தீர்ப்பாயத்தில் தோற்ற நமக்கும் திறந்திருக்கிறது. தடையுத்தரவு இல்லாமல் கெடு தாண்டினால், தாண்டிய வாரத்திலேயே நிறைவேற்ற மனு போடுங்கள். நான் மரியாதைக்கு இரண்டு மாதம் சும்மா இருந்தேன். மனு போட்ட பிறகுதான் கோப்பு நகர்ந்தது. வரும் அனுமதிக் கடிதத்தில், மேல் வழக்கு முடிவுக்கு உட்பட்டது என்று ஒரு நிபந்தனை இருந்தால் பயப்பட வேண்டாம், அது வழக்கமான வாசகம். ஆனால் நிலுவை முழுவதையும் உடனே செலவு செய்துவிடாதீர்கள்.

பாதுகாப்புத் துறையின் பென்ஷன் இணையதளமான ஸ்பர்ஷில் புது பிபிஓ ஏறியதும் தொகையை மட்டும் பார்த்துவிட்டு மூடாதீர்கள். சதவீதக் கட்டம், தொடக்கத் தேதி, ஆயுள் முழுக்க என்ற குறிப்பு, அகவிலை நிவாரணம் எலிமென்ட் மேலும் கணக்கிடப்பட்டதா என்று நான்கையும் பாருங்கள். எனக்கு முதலில் ஏறியது 30 சதவீதம், மாதம் 3,600. உத்தரவில் 50 என்று தெளிவாக இருந்தும் அப்படி. ஸ்பர்ஷில் குறைதீர்ப்புப் பகுதியில் உத்தரவின் அந்தப் பக்கத்தை மட்டும், வரியில் மஞ்சள் கோடு போட்டு இணைத்தேன். முழு உத்தரவையும் ஏற்றியபோது "பரிசீலனையில்" என்றே ஐந்து வாரம் கிடந்தது, ஒரு பக்கம் ஏற்றியபோது பன்னிரண்டு நாளில் 6,000 ஆனது.